ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள்: அமெரிக்காவில் ஓவர்டோஸ் சாவை எப்படி எண்ணுகிறார்கள், எதை வைத்துத் தடுக்கிறார்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: அமெரிக்காவில் 2023-இல் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தேடினால் ஓரிடத்தில் 1,05,007, இன்னோரிடத்தில் 1,07,543, வேறோரிடத்தில் 1,10,037 என்று இருக்கிறது. மூன்றும் சிடிசி என்ற ஒரே அரசு நோய்த்தடுப்பு அமைப்பு வெளியிட்டவை. அடுத்த ஆண்டுக்கு 80,391 என்கிறார்கள். அப்படியானால் எண்ணுவதில் கோளாறா? ஒரே வருஷத்தில் கால்வாசி குறைந்தது நிஜமா? நிஜமென்றால் நலாக்ஸோன் என்ற முறிமருந்தின் மூக்கு ஸ்பிரேயை ஊரெல்லாம் கொடுத்ததுதான் காரணமா? ஸ்பிரே கையில் இருக்கிற தைரியத்தில் இன்னும் அதிகமாகப் போடமாட்டார்களா? முதல் இரண்டுக்கும் உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு இதுவரை பாதிப் பதில்தான். நான்காவது சந்தேகம் இயல்பானது. ஆனால் நலாக்ஸோன் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்தால் அதன் வலு போய்விடும்.

எண் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வீட்டுக் குளியலறையில் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தைப் பொறுத்து அந்த உடல் ஒரு மெடிக்கல் எக்ஸாமினரிடமோ கொரோனரிடமோ போகும். முன்னவர் மருத்துவர், பெரும்பாலும் தடயவியல் நோய்க்குறியியல் படித்தவர். கொரோனர் பல இடங்களில் தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர். மருத்துவராக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடத்திலும் கிடையாது. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், பின்னால் வரும் பல குளறுபடிகளின் வேர் இங்கேதான். நச்சாய்வுக்கு இரத்தம் எடுக்க வேண்டிய இடம் தொடைச் சிரை. இதயத்திலிருந்து எடுத்தால், இறந்த பிறகு உறுப்புகளிலிருந்து மருந்து இரத்தத்தில் கசிந்து அளவை ஏற்றிக் காட்டிவிடும். அந்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர வாரங்கள், சில ஊர்களில் மாதங்கள் ஆகும். அதுவரை இறப்புச் சான்றிதழில் காரணம் 'விசாரணையில்' என்று இருக்கும். புள்ளிவிவரத்தில் அதற்கு ஆர்99 என்ற குறியீடு. அந்த ஆர்99 குவியலுக்குள் இருக்கும் வரை அந்தச் சாவு ஓவர்டோஸ் கணக்கில் வராது.

முடிவு வந்த பிறகும் சான்றிதழில் எழுதுகிற வாசகம் முக்கியம். 'ஃபென்டனில், கொக்கெய்ன் ஆகியவற்றின் கூட்டு நச்சு' என்று பெயர் சொல்லி எழுதினால் இரண்டு மருந்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு விழும். 'பல மருந்து நச்சு' என்று சோம்பலாக எழுதினால் டி50.9 (T50.9), அதாவது 'குறிப்பிடப்படாத மருந்து'. சாவு மொத்தக் கணக்கில் வந்துவிடும், எந்த மருந்து என்பது மட்டும் போய்விடும். ஹெராயினில் இன்னொரு பொறி உண்டு. உடம்புக்குள் போன ஹெராயின் சில நிமிடங்களில் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற இடைநிலைப் பொருளாகி, பிறகு மார்ஃபினாகிவிடும். அந்த இடைநிலைப் பொருளை ஆய்வகம் தேடவில்லை என்றால் அறிக்கை 'மார்ஃபின்' என்று மட்டும் சொல்லும். சான்றிதழும் அதையே எழுதும். ஹெராயின் சாவு ஒன்று மருத்துவர் எழுதித் தந்த வலிமருந்துப் பட்டியலில் போய் உட்காரும். பழைய ஆண்டுகளின் 'மாத்திரைச் சாவு' எண்ணிக்கையைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

குறியீடு போடுவது ஐசிடி-10 என்ற உலகப் பட்டியலின்படி. சாவின் அடிப்படைக் காரணமாக எக்ஸ்40 முதல் எக்ஸ்44 வரை இருந்தால் தற்செயல், எக்ஸ்60 முதல் எக்ஸ்64 வரை தற்கொலை, எக்ஸ்85 கொலை, ஒய்10 முதல் ஒய்14 வரை நோக்கம் தெரியாதது. இந்த நான்கையும் கூட்டினால்தான் செய்தியில் வரும் 'ஓவர்டோஸ் சாவு'. மருந்தின் பெயர் டி குறியீடுகளில் வரும்: டி40.1 ஹெராயின், டி40.5 கொக்கெய்ன், டி43.6 மெத்தாம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகள், டி40.4 மெத்தடோன் தவிர்த்த செயற்கை ஓபியாய்டுகள் (அபின் போல வேலை செய்யும் வலிமருந்துகளும் போதைகளும்). ஃபென்டனில் அந்தக் கடைசிக் கூடையில்தான் இருக்கிறது. டிராமடோல் என்ற வலிமருந்தும் அதே கூடைதான். இப்போது அந்தக் கூடையில் பெரும்பகுதி ஃபென்டனில் என்பதால் 'ஃபென்டனில் சாவு' என்று எழுதுகிறார்கள், அது பெரிய தவறில்லை. தவறு எங்கே வருகிறது என்றால் மருந்து வாரியான எண்களைக் கூட்டும்போது. ஃபென்டனிலும் கொக்கெய்னும் சேர்ந்து கொன்ற ஒருவர் இரண்டு வரிசையிலும் இருப்பார். கூட்டினால் செத்தவர்களைவிடச் சாவு அதிகமாகும். மது நச்சு (எக்ஸ்45) இதில் சேராது. ஊசியால் வந்த இதய வால்வுத் தொற்றில் இறந்தவரும் இதில் இல்லை.

இப்போது உங்கள் மூன்று எண்கள். 1,05,007 என்பது இறுதிக் கணக்கு. அமெரிக்காவில் வசிப்பவர்களின் சாவு மட்டும், எல்லாச் சான்றிதழும் வந்து முடிந்த பிறகு எண்ணியது. மற்ற இரண்டும் தற்காலிகக் கணக்கு. தற்காலிகக் கணக்கு நாட்டுக்குள் நடந்த சாவுகளை எண்ணுவதால் அங்கே வந்து இறந்த வெளிநாட்டவரும் சேர்ந்துவிடுகிறார்கள். அதோடு அதில் இரண்டு நெடுவரிசை உண்டு: 'பதிவானது', 'கணித்தது'. விசாரணையில் தேங்கிக் கிடக்கும் சான்றிதழ்களில் எவ்வளவு ஓவர்டோஸாக முடியும் என்று முந்தைய அனுபவத்தை வைத்துக் கூட்டிச் சொல்வது இரண்டாவது. 1,07,543 என்பது 2024 மே மாதம் சொன்ன கணிப்பு. அதே ஆண்டுக்கு 2025 மே மாதம் சொன்னது 1,10,037. மூன்றில் எதுவும் பொய்யில்லை, மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. ஆண்டோடு ஆண்டை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே கணக்கின் இரண்டு எண்ணை எடுக்க வேண்டும். 80,391-ஐ 1,10,037-உடன் ஒப்பிட்டால் 26.9 சதவீதக் குறைவு. அதையே 1,05,007-உடன் ஒப்பிட்டு எழுதினால் சரிவு கொஞ்சம் சிறியதாகத் தெரியும், ஒப்பீடே கோணலாக இருக்கும்.

குறைந்தது நிஜமா என்றால், நிஜம். எண்ணும் முறை நடுவில் மாறவில்லை. சரிவு ஏதோ ஒரு மாநில ஆய்வகம் தேங்கியதால் வந்ததுமில்லை. தற்காலிகக் கணக்கின்படி ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் குறைந்தது. மேற்கு வர்ஜீனியா, ஒஹையோ, மிச்சிகன், லூசியானா போன்ற இடங்களில் 35 சதவீதமோ அதற்கு மேலோ. தெற்கு டகோட்டாவிலும் நெவாடாவிலும் மட்டும் லேசாக ஏறியது. தேக்கத்தால் வரும் போலிச் சரிவு இப்படி நாடு முழுக்கப் பரவியிருக்காது. ஓரிரு மாநிலத்தில் தலைகாட்டி, நாலைந்து மாதத்தில் தானே நிரம்பிவிடும். ஆனால் 80 ஆயிரம் என்பதே 1999-இல் இருந்த 16,849-ஐப் போல நாலரை மடங்குக்கு மேல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இந்தச் சான்றிதழ்க் கணக்கின் பெரிய குறை, அது தாமதமானது. பொதுவெளியில் வரும் மாதாந்தரக் கணக்கு நாலு மாதப் பழையது, அதுவும் கடந்த 12 மாதங்களின் கூட்டுத்தொகை. போன வாரம் ஒரு ஊரில் புதுச் சரக்கு வந்து ஒரே இரவில் எட்டுப் பேர் விழுந்தார்கள் என்றால் இதில் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் வேறு கண்கள் வைத்திருக்கிறார்கள். டோஸ் என்று பெயரிட்ட கண்காணிப்பு, மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் பதிவிலிருந்து இறக்காத ஓவர்டோஸ்களைப் பொறுக்குகிறது. பதிவு மேசையில் நர்ஸ் தட்டெழுதிய ஒரு வரியை மென்பொருள் படிக்கிறது. அந்த வரியில் எழுத்துப்பிழை இருக்கும், சுருக்கம் இருக்கும், 'ஓவர்டோஸ் இல்லை என்கிறார்' என்ற மறுப்பும் இருக்கும். அந்த 'இல்லை'யைப் பிடிக்காத தேடல் வரி எண்ணிக்கையை ஊதிவிடும், பிழையான எழுத்தைப் பிடிக்காதது சுருக்கிவிடும். இதில் ஒரு எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பலாம். 2017-இல் தொடங்கிய ஓடிமேப் இன்னும் வேகமானது. சம்பவ இடத்திலிருந்தே ஆம்புலன்ஸ் ஆளோ காவலரோ கைப்பேசியில் நாலு தட்டு தட்டினால் போதும்: உயிர் போயிற்றா இல்லையா, நலாக்ஸோன் எத்தனை தரம் கொடுத்தது, இடம். 24 மணி நேரத்தில் அந்த மாவட்டம் முன்பே வைத்த வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை போகும். இதன் பலவீனம், நண்பர் ஸ்பிரே அடித்து வீட்டிலேயே எழுப்பிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் விட்டால் அந்தப் புள்ளி வரைபடத்தில் ஏறாது. ஸ்பிரே பரவப் பரவ இந்த வகைக் கணக்கு தானாகவே குறைத்துக் காட்டும். ஆம்புலன்ஸ்காரர் நலாக்ஸோன் கொடுத்ததையெல்லாம் ஓவர்டோஸ் என்று எண்ணினால் எதிர்ப்பக்கத் தவறு. காரணம் தெரியாமல் மயங்கிக் கிடக்கிற யாருக்கும் சந்தேகத்தில் கொடுப்பது வழக்கம்.

மூன்றாவது கண் சூடார்ஸ், 2016 முதல். இது மெதுவானதுதான், ஆனால் என் கணிப்பில் தடுப்பு வேலைக்கு மிகப் பயன்பட்டது இதுவே. தற்செயலான, நோக்கம் தெரியாத சாவுகளுக்குச் சான்றிதழோடு விசாரணை அறிக்கையையும் நச்சாய்வையும் சேர்த்துப் படித்து, பக்கத்தில் யாராவது இருந்தார்களா, அவர் வேறு அறையில் இருந்தாரா, ஊசியா புகையா, அண்மையில் சிறையிலிருந்து வந்தவரா, ஆம்புலன்ஸ் வந்தபோது நாடி இருந்ததா என்று நிரப்புகிறார்கள். இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் விஷயத்தில் தடுத்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பாவது இருந்தது என்று இதிலிருந்துதான் தெரிந்தது. பக்கத்து அறையில் ஆள் இருந்தும் செத்திருக்கிறார்கள். குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அது குறட்டை இல்லை, மூச்சு அடைபடும் சத்தம்.

இங்கிருந்து நலாக்ஸோனுக்கு வரலாம். ஓபியாய்டு கொல்வது மூச்சை நிறுத்தி. மூளையில் ஓபியாய்டு ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தை நலாக்ஸோன் போய்ப் பிடித்து அதைத் தள்ளிவிடுகிறது, மூச்சு திரும்புகிறது. 1971 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. 4 மில்லிகிராம் மூக்கு ஸ்பிரே 2015-இல் வந்தது, 2023 மார்ச்சில் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்க அனுமதி கிடைத்தது. பயன்படுத்துவதில் நடக்கும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். வேலை செய்கிறதா என்று காற்றில் ஒருமுறை அடித்துப் பார்க்கிறார்கள். அந்தக் குப்பியில் ஒரே டோஸ்தான், அதோடு காலி. சரியான வரிசை இது: தோளை உலுக்கி, மார்பெலும்பில் கைவிரல் முட்டிகளால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அசைவில்லை, மூச்சு மெதுவாகவோ இல்லாமலோ இருக்கிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, உதடு நீலம் அல்லது சாம்பல் என்றால் அவசர எண்ணை அழையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, விரல் மூக்கின் அடியைத் தொடும்வரை நுனியை உள்ளே விட்டு அழுத்துங்கள். பிறகு 5 விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். 2-3 நிமிடத்தில் மூச்சு வரவில்லை என்றால் இரண்டாவது குப்பி, மற்ற மூக்குத் துவாரத்தில். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இலக்கு மூச்சுதான். எழுந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்ற அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் போதை திடீரென்று அறுந்து கடும் விலகல் நிலை வரும்: வாந்தி, நடுக்கம், கோபம். ஆள் எழுந்து ஓடிவிடுவார். நலாக்ஸோன் உடம்பில் நிற்பது 30 முதல் 90 நிமிடம். உள்ளே இருக்கும் ஓபியாய்டு அதைவிட நீண்டதாக இருந்தால், ஓடிப்போனவர் வேறெங்கோ தனியாக மறுபடி மூச்சு நின்று விழுவார். 8 மில்லிகிராம் ஸ்பிரே வந்தபோது 'ஃபென்டனிலுக்கு அதிக வீரியம் வேண்டும்' என்று விற்றார்கள். நியூயார்க் மாநிலக் காவலர்கள் இரண்டையும் பயன்படுத்திய பதிவுகளை ஒப்பிட்டபோது பிழைத்தவர் விகிதத்தில் வேறுபாடில்லை. வாந்தி முதலிய விலகல் தொல்லைதான் 8 மில்லிகிராமில் அதிகம். சரக்கில் சைலசின் கலந்திருந்தால் நிலைமை வேறு. அது கால்நடைகளுக்குக் கொடுக்கும் மயக்கமருந்து, ஓபியாய்டு கிடையாது; நலாக்ஸோன் அதைத் தொடாது. மூச்சு திரும்பியும் ஆள் கண் திறக்காமல் கிடப்பார். அப்போது மேலும் ஸ்பிரே அடிப்பதில் பயனில்லை, மூச்சைக் கவனித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதுதான் வேலை.

'தைரியத்தில் அதிகம் போடமாட்டார்களா' என்றீர்கள். இந்த ஸ்பிரேயை மயங்கியவர் தனக்குத்தானே அடித்துக்கொள்ள முடியாது, இன்னொருவர் வேண்டும். அடித்ததும் வருவது அடிமைப்பட்டவர் உலகத்தில் எதைவிடவும் அஞ்சுகிற விலகல் வேதனை. காசு கொடுத்து வாங்கிய போதையும் கையோடு போய்விடும். இதை யாரும் காப்பீடாக நினைத்து ஆடமாட்டார்கள். ஆய்வுப் பக்கம் பார்த்தால், மாசசூசெட்ஸில் நலாக்ஸோன் பயிற்சி பரவிய ஊர்களில் ஓபியாய்டு சாவு விகிதம் மற்ற ஊர்களைவிடக் குறைந்ததை 2013-இல் வெளியிட்டார்கள். எதிர்த்திசையில், மாநிலங்களில் நலாக்ஸோன் சட்டம் வந்த தேதிகளை வைத்துச் செய்த ஒரு பொருளாதார ஆய்வு, சாவு குறையவில்லை, அவசரப் பிரிவு வருகை கூடியது என்றது. அதன் பலவீனம், சட்டம் வந்த நாளன்று ஸ்பிரே யார் கையிலும் இல்லை. தேதிக்கும் குப்பிக்கும் நடுவில் பல மாதங்கள், சில இடங்களில் வருஷங்கள். உயிர் பிழைத்தவர் அவசரப் பிரிவுக்கு வருவார், செத்தவர் வரமாட்டார் என்பதும் ஒன்று.

சரக்கில் ஃபென்டனில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. சுமார் 10 மில்லிகிராம் தூளுக்கு அரைத் தேக்கரண்டி தண்ணீர், மெத்தாம்ஃபெட்டமினோ எம்டிஎம்ஏவோ என்றால் ஒரு முழுத் தேக்கரண்டி; கெட்டியாகக் கரைத்தால் ஃபென்டனில் இல்லாமலே இருப்பதாகக் காட்டும். ஒரு கோடு வந்தால் ஃபென்டனில் இருக்கிறது, இரண்டு கோடு வந்தால் அகப்படவில்லை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு நேர்மாறு என்பதால் பலர் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். தூளின் ஒரு மூலையில் இல்லாதது இன்னொரு மூலையில் இருக்கலாம்.

சாவைக் குறைப்பதில் சான்று மிக வலுவாக இருப்பது ஸ்பிரேகூட இல்லை, போதை ஏக்கத்தை அடக்க மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற ஓபியாய்டு மருந்துகளைக் கொடுக்கும் நீண்டகாலச் சிகிச்சை. அதில் இருக்கும் வரை இறப்பு அபாயம் சுமார் பாதியாகிறது; நிறுத்திய முதல் வாரங்களில் மறுபடி எகிறுகிறது. காரணம் எளிது: உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வில் முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு. எங்கே முதலில் பணத்தைப் போடுவது என்று என்னைக் கேட்டால் சிறைக் கதவைக் காட்டுவேன்: உள்ளேயே சிகிச்சை தொடங்கி, வெளியே வரும் அன்று கையில் ஸ்பிரேயும் அடுத்த டோஸுக்கான சந்திப்பும். புப்ரெனார்ஃபின் எழுத மருத்துவர்களுக்குத் தேவைப்பட்ட தனி அனுமதியை 2022 இறுதியில் நீக்கினார்கள். நீக்கியதும் சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை பாய்ந்துவிடவில்லை. மருந்துக்கடை இருப்பு வைப்பதில்லை, மருத்துவர் தயங்குகிறார், இப்படித் தாள்களுக்கு அப்பாலும் தடைகள் இருந்தன.

ஆக 2024-இல் குறைந்ததற்கு ஸ்பிரேதான் காரணமா? ஒரு பங்கு இருக்கிறது என்பதில் பெரிய சண்டை இல்லை, எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை. ஸ்பிரேயும் சிகிச்சையும் பல ஆண்டுகளாகப் படிப்படியாகப் பரவின, சாவோ 2023-இன் நடுவிலிருந்து சட்டென்று சரிந்தது. படிப்படியான காரணம் சட்டென்ற விளைவைத் தனியாக விளக்காது. அதனால் தெருச் சரக்கில் ஃபென்டனில் வீரியம் குறைந்தது, ஊசியை விட்டுப் புகைக்கு மாறியது, மிக ஆபத்தில் இருந்தவர்களில் பலர் முன்பே இறந்துபோனது என்ற விளக்கங்களையும் சேர்த்து வைக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது கேட்கக் கசப்பானது, ஆனால் தொற்றுநோய்க் கணக்கில் பழகிய வாதம்தான். ஒன்றை மட்டும் எடுத்து 'இதனால்தான்' என்று எழுதுகிற கட்டுரையை, எந்தக் கட்சிக்காரர் எழுதினாலும், ஐயத்தோடு படியுங்கள்.

சரிவு எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவும் இல்லை. 2023-இல் மொத்த எண் இறங்கத் தொடங்கியபோதே பூர்வகுடி அமெரிக்கர்களிடையே விகிதம் மற்ற எல்லாப் பிரிவினரையும்விட உயரத்தில் இருந்தது. அடுத்த முறை மாதாந்தரக் கணக்கைத் திறக்கும்போது முதலில் 'பதிவானது' வரிசையை விட்டு 'கணித்தது' வரிசைக்குப் போங்கள். பிறகு உங்கள் மாநிலத்தில் விசாரணையில் தேங்கியிருக்கும் சாவு எத்தனை சதவீதம், மருந்தின் பெயர் குறித்த சான்றிதழ் எத்தனை சதவீதம் என்று அதே பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறிய எண்களைப் பாருங்கள். முதல் எண் திடீரென்று ஏறியிருந்தால், அந்த மாதச் சரிவை இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் கொண்டாட வேண்டும்.